கிளிஞ்சலைத் திருப்பிப் பாருங்கள்

நம் விஜயபுரத்துக் குடும்பங்கள் சென்னைக்குப் போய்வந்தால், பிள்ளைகளின் பையில் ஒரு பிடி கிளிஞ்சலும் வந்து சேரும். பள்ளியில் தெலுங்கில் 'ஆல்சிப்ப' என்று பழகியவர்கள், "இதற்குத் தமிழில் என்ன?" என்று என்னிடம் கேட்பார்கள். மட்டி என்பேன். எந்த மட்டி என்று தெரிய, முதலில் ஓட்டைத் திருப்ப வேண்டும்.

நிறத்தை நம்பக் கூடாது. வெயிலில் அது வெளுத்துவிடும். ஒரே இனத்திலும் பல நிறம் உண்டு. அளவோ வயதைப் பொறுத்தது. உட்புறம்தான் ஏமாற்றாது.

மேலே மூக்குப் போன்ற நுனிக்குக் கீழே, இரண்டு ஓடுகளும் கூடும் இடத்தில் பற்கள் இருக்கும். சீப்பைப் போல நெடுக வரிசையாகச் சிறு பற்கள், வெளியே மணி கோத்தாற்போன்ற தடித்த வரிகள் என்றால் அது அனடாரா கிரனோசா. இதன் இரத்தம் நம்முடையதைப் போலச் சிவப்பு! காக்கிநாடா வளைகுடாவில் கிடைக்கிறது. முக்கோண வடிவில், வழவழப்பாக, மூக்கின் கீழ் மூன்று பற்களோடு இருப்பது மெரெட்ரிக்ஸ். பழவேற்காடு ஏரியில் இதன் காஸ்டா என்ற இனம் வாழ்கிறது. ஆப்புப் போல ஒரு பக்கம் குட்டையான சிறிய ஓடு டோனக்ஸ். அலை புரளும் மணலில் வாழ்வது.

பிறகு ஓட்டின் விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் அது குடாவைப் போல உள்வாங்கும். மட்டி தன் நீர்க்குழாய்களை உள்ளே இழுத்துக்கொள்ளும் இடம் அது. டோனக்ஸில் குடா ஆழம், மெரெட்ரிக்ஸில் மேலோட்டம், அனடாராவில் இல்லவே இல்லை. மூக்கை மேலே வைத்து உட்புறம் பார்க்கையில் குடா வலப்பக்கம் இருந்தால் அது வலது ஓடு, இடப்பக்கம் என்றால் இடது ஓடு. பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. மூக்கருகே துளைக்கருவியால் போட்டதைப் போன்ற வட்ட ஓட்டை இருந்தால், சங்கு வகையைச் சேர்ந்த நத்தை ஒன்று துளைத்துத் தின்றது என்று அறியலாம்.

சென்னைக் கடற்கரைக் கிளிஞ்சல்களை எஃப்.எச். கிரேவ்லி விவரித்து எழுதியதைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1941இல் வெளியிட்டது. பெரிய நூலகங்களில் கிடைத்தால் படங்களுக்காகவே புரட்டலாம்.

எடுத்த கரையின் பெயரையும் நாளையும் ஒரு சீட்டில் எழுதி ஓட்டோடு வையுங்கள். பழவேற்காட்டின் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் ஏரி நீரின் உப்பு மாறும், மட்டிகளும் மாறும். எந்த ஆண்டு எது இருந்தது என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி. உள்ளே சதை இருந்தால் மட்டும் எடுக்காதீர்கள். அது உயிரோடு இருக்கிறது, தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.