நெல் வயலில் கபிலநிறத் தத்தியும் மண்ணின் வளமும்

கதிர் முற்றுந் தறுவாயிலுள்ள நெற்பயிர், வயலின் நடுவே வட்டமாக மஞ்சளித்து, சில நாளிற் பழுப்பேறி, நெருப்புப் பட்டதுபோற் காய்ந்து சாய்வதைப் பல கமக்காரர் கண்டிருப்பர். இதனை விளைவிப்பது கபிலநிறத் தத்தி என்னுஞ் சிறு பூச்சியாகும். வடக்கிலுங் கிழக்கிலும் இதனை அறக்கொட்டியான் என வழங்குவர். ஒரு வட்டந் தோன்றியபின் அது விரைவிற் பல வட்டங்களாகப் பெருகி ஒன்றோடொன்று கூடும். விதைநெல், உழவு, பசளை, கூலி ஆகிய செலவுகள் யாவும் முடிந்து, அறுவடைக்குச் சில கிழமைகளே எஞ்சியிருக்கும் வேளையில் இது நேர்வதால், கடன்பட்டு விதைத்தவர் அடுத்த போகத்திற்கு விதைநெல்லுமின்றி நிற்க நேரிடும்.

இவ்வாறு எரிந்த வயல்களிற் பலமுறை காணப்படும் ஒரு செய்தி வியப்பைத் தருவதாகும். மருந்தே தெளிக்காத அயல் வயல் பசுமையாய் நிற்க, பயிர் இளமையாயிருக்கும்போதே இரண்டு மூன்று முறை மருந்து தெளிக்கப்பட்ட வயல் எரிந்துவிடுகின்றது. மருந்து போதாதென்றும், அடுத்த முறை இன்னும் வலிய மருந்தை வாங்கவேண்டுமென்றுங் கமக்காரர் எண்ணுவர். கடையிலும் அவ்வாறே கூறுவர். உண்மை இதற்கு மாறானது. அதனை விளங்கிக்கொள்ளத் தத்தியின் வாழ்க்கையை முதலில் அறிதல் வேண்டும்.

தத்தி இலையில் இருப்பதில்லை. நெற்பயிரின் அடியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, நிழலும் ஈரமும் உள்ள இடத்திலிருந்து தண்டின் சாற்றை உறிஞ்சும். பெண் தத்தி தன் வாழ்நாளில் ஏறக்குறைய 200 முதல் 300 முட்டைகளை இலைமடலின் உட்புறத்தைக் கீறி அதனுள் இடும். ஒரு தலைமுறை நிறைவுறுவதற்கு நான்கு கிழமை வரையிலேயே செல்லுமாதலால், ஒரு போகத்தினுள் மூன்று தலைமுறைகள் தோன்றக்கூடும். இவ்வாறு பெருகும் பூச்சி எல்லா வயல்களையும் எல்லாப் போகத்திலும் அழித்துவிடாமல் இருப்பதற்குக் காரணம், அதனைத் தின்னும் உயிர்கள் வயலில் இருப்பதேயாகும்.

அவற்றுள் முதன்மையானது வலை பின்னாது ஓடித்திரியும் வேட்டைச் சிலந்தி. முதுகிற் கவர்போன்ற அடையாளம் உடையது, நீரின்மேலும் ஓடவல்லது. இது நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை பிடித்துண்ணும். மற்றொன்று பச்சையுங் கறுப்புங் கலந்த மிகச் சிறிய மூட்டுப்பூச்சி இனம். இது இலைமடலினுள் மறைந்திருக்குந் தத்தி முட்டைகளைத் தேடிக் குத்தி உறிஞ்சும். உருவத்திற் சிறிதாகையாற் பலர் இதனையும் பீடையென்றே கருதிவிடுகின்றனர். தும்பிகளும், பொறிவண்டுகளும், முட்டையினுள் முட்டையிடும் நுண்ணிய குளவிகளும் இவ்வேலையில் உதவுகின்றன.

பயிர் விதைத்து முப்பது நாட்களுள் இலைச்சுருட்டிப் புழுவையோ வேறொரு பூச்சியையோ கண்டு மருந்து தெளிக்கும்போது, வெளியே ஓடித்திரியுஞ் சிலந்தியும் மூட்டுப்பூச்சியுமே முதலில் இறக்கின்றன. இலைமடலினுள் இருக்குந் தத்தி முட்டைகளை அம்மருந்து அணுகுவதில்லை. ஒரு கிழமையின்பின் அவை பொரிக்கும்போது அவற்றைத் தின்ன எதுவும் வயலில் இராது. சிலந்தி மீண்டும் பெருகுவதற்குப் பல கிழமைகள் வேண்டும்; தத்திக்கோ அவ்வளவு காலம் வேண்டியதில்லை. செயற்கைப் பைரெத்திரொயிட்டு வகை மருந்துகள் இவ்விடயத்தில் மிகவுங் கேடு விளைப்பனவெனச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. இளம்பயிரின் இலைகள் ஓரளவு தின்னப்படுவதால் விளைச்சல் குறைவதில்லை என்பதையும் இங்கு கூறவேண்டும். மட்டம் வெடிக்கும் பருவத்தில் நெற்பயிர் புதிய இலைகளை விட்டு அந்நட்டத்தை ஈடுசெய்துகொள்ளும். கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றும் அந்த வெள்ளைக் கீறல்களுக்காகவே அதிகப் பணம் வீணாகச் செலவிடப்படுகின்றது.

சிலந்திக்கு உணவு எங்கிருந்து வருகின்றது?

வயலிற் பீடைகள் வருமுன்னரே சிலந்தி பெருகியிருந்தாலன்றிப் பயனில்லை. பீடையில்லாக் காலத்தில் அது எதனை உண்டு வாழும் என்னும் வினாவிற்கு இந்தோனேசியாவின் யாவாத் தீவில் நடந்த ஆய்வொன்று 1996ஆம் ஆண்டில் விடை தந்தது. நீர் கட்டிய சேற்றில் உக்கும் வைக்கோல், எரு, இலைகுழை ஆகியவற்றை உண்டு எண்ணற்ற சிறு ஈக்களும் நுளம்பை ஒத்த பூச்சிகளும் உற்பத்தியாகின்றன. இவை நெல்லுக்குத் தீங்கு செய்வனவல்ல. பயிர் இளமையாயிருக்கும் முதற் கிழமைகளில் இவற்றை உண்டே சிலந்தி பெருகுகின்றது. பின்னர் தத்தி வந்து சேரும்போது சிலந்திப் படை ஆயத்தமாய் இருக்கும். சேதனப் பொருள் சேர்க்கப்பட்ட பாத்திகளில் இவ்வுயிர்கள் யாவும் மிகுந்திருந்தமை அவ்வாய்விற் காணப்பட்டது.

ஆகவே வயலுக்கு இடும் எரு பயிருக்கு மாத்திரம் உணவன்று. மண் வறண்டு உயிரற்றுப் போனால் சிலந்தியும் இல்லை.

இதனை நோக்கும்போது சூடடித்தபின் களத்தில் வைக்கோலை எரித்துவிடும் வழக்கம் வருந்தத்தக்கது. ஒரு தொன் வைக்கோலில் ஏறக்குறைய 5 முதல் 8 கிலோகிராம் நைதரசனும், 12 முதல் 17 கிலோகிராம் பொற்றாசியமும் உள. எரிக்குங்கால் நைதரசன் முழுவதும் புகையாய்ப் போய்விடும். பொற்றாசியம் ஒரே இடத்திற் சாம்பலாய்க் கிடந்து மழையில் வழிந்தோடும். வைக்கோலை வயல் முழுதும் பரப்பி, விதைப்பிற்கு இரண்டு மூன்று கிழமைகளுக்கு முன் முதலுழவில் நிலத்தினுட் புரட்டிவிடுதல் வேண்டும். விதைக்குந் தறுவாயிற் புரட்டினால் அது உக்கும்போது உண்டாகும் அமிலங்களும் நைதரசன் குறைவும் முளைப்பயிரை வருத்தும். ஆதலிற் காலத்தைத் தவறவிடலாகாது. வரம்பிற் சீமைக்கிளுவையை நட்டு அதன் குழையை வெட்டித் தாழ்ப்பதும், அறுவடையின்பின் மாட்டுப்பட்டி அடைப்பதும் நம் முன்னோர் கைக்கொண்ட முறைகள். குழை தாழ்த்தல் யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்குப் புதிதன்று. பூவரசங்குழையைத் தேடி வண்டில்களில் ஏற்றிவந்த காலம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும்.

இதனால் இரசாயனப் பசளையை அறவே விட்டுவிடுமாறு கூறுவதாக எவரும் கொள்ளவேண்டாம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவெம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் எவ்வளவு வீழ்ந்ததென்பதைக் கமக்காரர் தம் களத்திலேயே அளந்து கண்டனர். மண்ணின் சேதனப் பொருள் பல போகங்களிற் சிறிது சிறிதாகச் சேர்வது. ஓராண்டில் வாங்கி நிரப்பத்தக்கதன்று. அது சேருந்தோறும் பசளையை மண்பரிசோதனைக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடுதலோ வேறு விடயம். கரும்பச்சையாய்க் குளிர்ந்து நிற்கும் பயிரின் சாறு தத்திக்கு விருந்தாகும். முட்டையும் மிகுதியாக இடும். மேற்கட்டுப் பசளையை ஒரே தடவையில் கொட்டிவிடாது, பல தடவைகளாகப் பிரித்து, இலை நிற அட்டையுடன் ஒப்பிட்டு வேண்டியபோது மாத்திரம் இடுதல் நன்று. விதையின் அளவும் இதனோடு சேர்ந்ததே. வீசி விதைப்பதற்கு ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் போதும். 3, 4 புசல் விதைப்போரின் வயலில் பயிரடி இருண்டு, காற்றோட்டமின்றித் தத்திக்கேற்ற இடமாகிவிடுகின்றது.

பயிரின் அடியைப் பார்த்தல்

கிழமைக்கு ஒரு முறையேனும் வயலினுள் இறங்கிப் பார்த்தல் வேண்டும். வரம்பில் நின்று பார்ப்பவர் எரிந்த வட்டத்தையே காண்பார், தத்தியைக் காணமாட்டார். வயலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் குறுக்காக நடந்து, பத்து இடங்களிற் பயிரை ஒரு கையாற் சாய்த்து மறு கையால் அடியிலே தட்டினால், பூச்சிகள் நீரில் விழும். அவற்றைத் தத்தி இத்தனை, சிலந்தி இத்தனை, மூட்டுப்பூச்சி இத்தனை என எண்ணி ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்க. தத்தியின் தொகையை மாத்திரம் எண்ணுவது அரைக் கணக்காகும். பயிரின் வயதையும் சிலந்தியின் தொகையையும் பொறுத்தே ஆபத்தின் எல்லை மாறுமாதலால், கொப்பியை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடங் காட்டி முடிவுசெய்தல் வேண்டும்.

தொகை ஏறுவதாகக் கண்டால் முதலிற் செய்யத்தக்கது நீரை வடித்து மூன்று நான்கு நாட்கள் வயலைக் காயவிடுதல். பூக்கும் பருவத்தில் மாத்திரம் நிலம் வெடிக்குமளவிற்கு விடலாகாது. நெருங்கிய பயிரை இடையிடையே இருபுறமும் விலக்கி வெயில் அடியிற் படச்செய்தலும் பயன்தரும். இவற்றின்பின்னும் தொகை குறையாது சிலந்தியும் இல்லையாயின், தத்திக்கென விதந்துரைக்கப்பட்ட மருந்தொன்றை மாத்திரம், தெளிகருவியின் முனையைப் பயிரடிக்குத் தாழ்த்தித் தெளித்தல் வேண்டும். இலைமேற் பனிபோலப் படியும் மருந்து தத்தியை எட்டாது. இரண்டு மருந்துகளைத் தாமாகக் கலத்தல் கூடாது. வீட்டின் மூலையிற் கிடக்கும் பழைய போத்தல்களையும் எடுக்கவேண்டாம். மொனோக்குரோட்டோபொசு, மெத்தமிடோபொசு ஆகியன 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டவை. தெளித்த மனிதரையே கொல்லவல்ல நஞ்சுகளாதலின் அவை விலக்கப்பட்டன.

மருந்தைக் குறைத்தால் விளைச்சல் குறையுமென அஞ்சுவோர்க்கு இந்தோனேசியாவின் அநுபவத்தைக் கூறலாம். அங்கு அரசாங்கம் மருந்தின் விலையிற் பெரும்பகுதியைத் தானே ஏற்று மலிவாக வழங்கியது. தத்தியோ ஆண்டுதோறும் பெருகிற்று. 1986இல் நெல்லுக்கான 57 வகை மருந்துகளை அவ்வரசு தடைசெய்தது. 1989 அளவில் மானியத்தையும் முற்றாக நிறுத்தியது. கமக்காரருக்கு வயலிலேயே பூச்சிகளை எண்ணிப் பார்க்கப் பயிற்சி அளிக்கப்பட்டது. அதன்பின்னும் அந்நாட்டின் நெல் உற்பத்தி வீழவில்லை, உயர்ந்தது.

இனத் தெரிவும் உதவும். நம் நாட்டுப் பழைய நெல்லினங்களாகிய ரத்து ஹீனட்டி, பாபாவீ ஆகிய இரண்டுந் தத்தியை எதிர்க்கும் மரபணுக்களை உடையனவென அறியப்பட்டு, வெளிநாட்டு இனவிருத்தியாளரும் அவற்றைத் தேடிப் பயன்படுத்தினர். கேரளத்துப் பட்டாம்பி 33 என்னும் இனத்தின் எதிர்ப்பைக் கொண்டு பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான பிஜி 379-2, 1980இல் வெளியிடப்பட்டது. எனினும் ஓரினத்தையே பரந்த நிலத்திற் பல போகம் விதைத்தால் தத்தி அதற்கும் பழகிவிடும். இனத்தை மாற்றி விதைத்தலும், ஒரு வாய்க்காலின் கீழுள்ளோர் யாவரும் ஒரே காலத்தில் விதைத்தலும் வேண்டும்.

மரக்கறிச் செய்கைக்கு

தோட்டத்திலும் இம்முறையே பொருந்தும். கத்தரியின் குருத்து வாடித் தொங்கினால் அதனுள்ளே துளைப்பான் புழு இருக்கும். மேலே தெளிக்கும் மருந்து அதற்குப் படாது. வாடிய குருத்தைப் புழு இருக்குமிடத்திற்குக் கீழே நறுக்கி, துளைபட்ட காய்களையுஞ் சேர்த்துக் கிழமைதோறும் எடுத்து எரித்தல் அல்லது ஆழப் புதைத்தல் வேண்டும். அயல் தோட்டத்தவரும் சேர்ந்து செய்தால் இரட்டிப்புப் பயன் உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் மிஞ்சி இட்ட பசளை அதன் வெடிப்புகளினூடே இறங்கிக் கிணற்றை அடையும். குடிநீரில் நைத்திரேற்று ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை கடந்துள்ளது. அத்தகைய நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கு உடல் நீலம்பாரிக்கும் நோய் உண்டாகலாம். காய்ச்சுவதால் நைத்திரேற்று நீங்காது. ஆதலின் தோட்டக்கிணற்று நீரையே குடிப்போர் அதனைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். தெளிகருவியைக் கிணற்றடியிற் கழுவலாகாது. கழுவிய நீரை மருந்து தெளித்த பயிரின் மீதே ஊற்றிவிடுக.