கடைசற் கிண்ணம்

தயிரைக் கடைதலையும் மரத்தைக் கடைதலையும் தமிழ் ஒரே சொல்லாற் குறிக்கும். இரண்டிலும் சுழற்சியே தொழில். இரண்டிற்கும் பொறுமையே துணை. இவ்வுண்மையை யாம் ஒரு காப்பிக் கிண்ணத்தாற் கற்றோம்.

பச்சை மரத்தில் உளி எளிதாய் ஓடுமென்று, மெல்லிய கிண்ணமொன்றை ஒரே நாளிற் கடைந்து, அரக்கு மெருகும் ஏற்றி முடித்தோம். சின்னாளில் அதன் வட்டவாய் கோணிற்று. பின்னர் விளிம்பு பிளந்தது. காரணம் யாதெனின், உலருங்கால் மரம் எத்திசையினும் ஒருபடித்தாய்ச் சுருங்குவதன்று. ஆண்டு வளையங்களைக் குறுக்கிடும் திசையினும், அவற்றை ஒட்டிய திசையில் ஏறக்குறைய இருமடங்கு சுருங்கும். ஆதலின் தேர்ந்த கடைசற்காரர் இருமுறை கடைவர். முதலிற் குறுக்களவிற் பத்திலொரு பங்கு தடிப்பாகச் சுவரை விட்டு, நிழலிற் பல திங்கள் உலர்த்துவர். கோணியதைப் பின்னர் மீண்டும் கடைந்து வட்டமாக்குவர்.

அரக்கு மெருகும் பிழையே. சன்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடைவோர் சுழலும் மரத்தில் அரக்குக் கோலை அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு இளகிப் படியும். பொம்மைக்கு அது பொருந்தும். சூட்டில் இளகிப் படிந்தது சுடுகாப்பியிலும் இளகுமன்றோ? கிண்ணத்திற்கு ஏற்றது ஆளிவிதை எண்ணெய். அது காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று இறுகுவதாகலின் மீண்டும் உருகாது. ஆயின் அதற்கும் பல நாள் காத்தல் வேண்டும்.

எம் இரண்டாம் கிண்ணம் இன்னும் நிழலில் உலர்கின்றது.