மேற்கு ஜன்னலில் என்ன வளரும்?

எங்கள் ஃபிளாட்டில் வெயில் வருவது மேற்குப் பார்த்த ஜன்னலில் மட்டும்தான். தினமும் தண்ணீர் ஊற்றியும் மணி பிளான்ட் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. அங்கே வேறு என்ன செடி வைக்கலாம்?
– வாசகி, தாம்பரம்

அந்த 'தினமும்'தான் சிக்கல். மண் எந்நேரமும் ஈரமாக இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும், இலை மஞ்சளாகும். செடிக்குத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். அடித்தட்டில் தேங்குவதையும் கொட்டிவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிட அது போதும்.

மணி பிளான்ட்டை நேர் வெயில் படாமல் நாலடி உள்ளே தள்ளி வையுங்கள், பிழைத்துக்கொள்ளும். ஜன்னலுக்கு என் முதல் சிபாரிசு கற்பூரவல்லி. நர்சரிக்குக்கூடப் போக வேண்டாம். பக்கத்து வீட்டில் நாலு விரல் நீளத் தண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, செம்மண், மணல், மண்புழு உரம் மூன்றும் சம அளவில் கலந்த தொட்டியில் ஊன்றுங்கள். வேர் பிடிக்கும்வரை இரண்டு வாரம் நிழலில் இருக்கட்டும். பிறகு நுனியைக் கிள்ளிக் கிள்ளி பஜ்ஜி போடலாம். கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை விட்டு அடர்த்தியாகும்.

பூ வேண்டுமென்றால் நித்தியகல்யாணி. மேற்கு வெயிலுக்கு அசராது. ஆனால் அது விஷச்செடி, குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோற்றுக்கற்றாழையும் வைக்கலாம்.

இலைக்காம்படியில் வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். வாரம் ஒருமுறை போதும்.