கட்சி வேறானால் ஸலாமும் இல்லையா?

தேர்தல் வந்துவிட்டால் தொண்டூர்ப் பக்கம் டீக்கடை பெஞ்சுகூடக் கட்சிவாரியாகப் பிரிந்துவிடுகிறது. அது போகட்டும். ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுத இருவர், வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ஸலாம் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நானே பார்த்தேன். ஒருவரிடம் கேட்டேன். “அவரோடு பேசி என்ன ஆகப்போகிறது ஹஜ்ரத்? அவர் மாறவா போகிறார்?” என்றார்.

ஒரு முஸ்லிம் தன் சகோதரரை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது. இருவரில் ஸலாமை முந்திச் சொல்பவரே சிறந்தவர். பெருமானார் (ஸல்) அவர்களின் இந்தப் போதனை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. தேர்தல் காலத்திற்கு விதிவிலக்கு இல்லை. மாற்று மதத்து அண்டை வீட்டாரிடம் வாதிடும்போதும் முறை உண்டு. ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்ட மூஸா, ஹாரூன் (அலை) இருவருக்கும் மென்மையாகப் பேசும்படியே கட்டளை வந்தது (தாஹா: 44). நம் ஊர் வேட்பாளர் எவரும் ஃபிர்அவ்னைவிடக் கெட்டவரல்லர். நாமும் நபிமார்கள் அல்லர்.

சரி, பேசி என்ன ஆகும்? 1948 நவம்பர் 23 அன்று அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றிய விதி விவாதத்திற்கு வந்தது. அன்று 35-ஆம் விதி, இன்று 44. எந்தச் சமூகத்தாரும் தம் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் திருத்தம் கொண்டுவந்தார். முன்ஷி எதிர்த்தார், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் எதிர்த்தார். டாக்டர் அம்பேத்கரும் திருத்தத்தை ஏற்கவில்லை. வட மலபாரில் முஸ்லிம்களுக்கும் மருமக்கத்தாயம் நடைமுறையில் இருந்ததே என்று விவரத்தோடு மறுத்தார். ஆனால் முஸ்லிம் உறுப்பினர்களின் அச்சத்தைத் தள்ளிவிடாமல், தாமாக முன்வந்து ஒப்புக்கொள்வோருக்கு மட்டுமே தொடக்கத்தில் அச்சட்டம் பொருந்தும்படி நாடாளுமன்றம் செய்யலாம் என்று சபையில் விளக்கினார்.

திருத்தம் தோற்றது. விளக்கம் பதிவேட்டில் நின்றது. பொது சிவில் சட்டப் பேச்சு எழும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். வசைபாடி அமர்ந்திருந்தால் அந்தப் பதிலைக் கேட்டு வாங்கியிருக்க முடியுமா? காயிதே மில்லத் சபையை விட்டும் போகவில்லை. 1949 மே மாதம் தனித்தொகுதிக்காக மீண்டும் எழுந்தார், அதிலும் தோற்றார்.

ஆகவே சகோதரர்களே, தெருச் சாக்கடையைப் பற்றிப் பேசும்போது சாக்கடையைப் பற்றியே பேசுங்கள். எதிரில் இருப்பவரின் தலைவரையும் தகப்பனாரையும் இழுக்காதீர்கள். அவர் சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும்படி ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பிறகு மறுங்கள்.

“நான் ஸலாம் சொல்லியும் அவர் பதில் சொல்லாவிட்டால்?” என்று அந்தச் சகோதரர் பிறகு கேட்டார். ஸலாம் சொல்வது ஸுன்னத்து, பதில் சொல்வது வாஜிபு. சொல்லிவிட்டால் பகைத்து ஒதுக்கிய குற்றம் உங்களை விட்டு நீங்கும்; பதில் அவர் பொறுப்பு. மறுநாள் மறுபடியும் சொல்லுங்கள்.