மக்காச்சோளம் கற்பித்த பாடம்

புதியதொரு தானியம் உண்ணத் தகுந்ததா என்று அறிவது எவ்வாறு? அமெரிக்க நாட்டின் ‘ஸ்டார்லிங்க்’ மக்காச்சோளத்தின் வரலாறு நமக்கு விடை கூறும்.

மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றின் மரபணு அதில் சேர்க்கப்பட்டது. அதனால் பயிரில் உண்டாகும் புரதம் தண்டு துளைக்கும் புழுவைக் கொல்லும். ஆயின் அப்புரதம் வெப்பத்தாலும் சீரணத்தாலும் எளிதில் சிதையவில்லை. ஒவ்வாமை தரும் புரதங்கள் பலவற்றுக்கும் இவ்வியல்பு உண்டு. ஆகவே 1998-இல் கால்நடைத் தீவனத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் மட்டுமே அனுமதி கிடைத்தது.

வயலில் மகரந்தம் பரவிற்று. கிடங்கில் தானியம் கலந்தது. 2000 செப்டம்பரில் மனிதர் உண்ணும் பண்டத்திலேயே அச்சோளம் காணப்பட்டது. பண்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. உண்டு நோயுற்றதாகக் கூறியோருள் 17 பேரின் இரத்தம் 2001-இல் சோதிக்கப்பட்டது. அப்புரதத்தால் ஒவ்வாமை நேர்ந்ததற்குச் சான்று கிட்டவில்லை. எனினும், தீவனத்துக்கு மட்டும் என்னும் அனுமதி முறை அங்குக் கைவிடப்பட்டது.

எனவே சோதனை இரு வகைப்படும். புரதம் தீங்கற்றதா என்பது ஆய்வுக்கூடத்தின் வினா. தானியத்தைப் பிரித்து வைக்க இயலுமா என்பது களத்தின், கிடங்கின் வினா. இரண்டாவதற்கு விடை கூறவேண்டியவர்கள் விளைவிப்போரும் சேமிப்போருமாகிய நாமே.