கெப்புக்குக் கியர் ஒயில் மீட்டர்: எதைப் பூட்டுவது, எங்கே பூட்டுவது?

முதலில் உங்கள் கெப்பில் எத்தனை பெடல் என்று பாருங்கள். கிளச்சோடு மூன்று என்றால், கியர் ஒயிலின் சூட்டைக் காட்டும் இந்த மீட்டர்ச் செலவு உங்களுக்கு வேண்டாம். தோட்டத்துச் சிங்கிள் கெப்களும் மரக்கறி ஏற்றும் பழைய ஹைலக்ஸ்களும் பெரும்பாலும் அந்த வகைதான். அவற்றில் ஏற்றத்துச் சூடு கிளச் தட்டுக்குத்தான் போகும், கியர் ஒயிலுக்கு அவ்வளவாகப் போகாது. அந்தக் காசுக்கு ரேடியேட்டரைக் கழுவி, வெடித்த ஹோஸ்களை மாற்றுங்கள். ஓட்டோமெட்டிக் டபிள் கெப் வைத்திருப்பவர்களும், சுற்றுலா ஓட்டத்துக்கு ஓட்டோமெட்டிக் கேடிஎச் வான் வைத்திருப்பவர்களும் மேலே வாசிக்கலாம்.

"இங்க இருக்கிற குளிருக்கு ஒயில் எப்படி அண்ணே சூடாகும்?" ஹட்டனிலும் நுவரெலியாவிலும் மீட்டர் பேச்சை எடுத்தாலே இந்தக் கேள்விதான் வரும். வெளியே இருக்கும் குளிர் கியர் பொக்ஸுக்கு உதவாமல் இல்லை. ஆனால் சூடு வெயிலிலிருந்து வருவதில்லை, வேகக் குறைவிலிருந்து வருகிறது. ஓட்டோமெட்டிக் வண்டியில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே இருக்கும் டோர்க் கன்வர்ட்டர், ஒயிலைச் சுழற்றித்தான் சக்தியைக் கடத்துகிறது. சமதரையில் வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு கிளச் பூட்டிக்கொள்ளும், வழுக்கல் நின்றுவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் இருபது, முப்பது வேகத்தில் ஏறும்போது அந்தப் பூட்டு பெரும்பாலும் விழுவதே இல்லை. வழுக்கலில் தொலையும் சக்தி முழுவதும் ஒயிலில் சூடாக இறங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏ7 வீதியில் தலவாக்கலை சுமார் 1,200 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். சுமையோடு மூன்று தொன் வரும் கெப் அந்த உயரத்தை ஏற ஏறத்தாழ 20 மெகாஜூல் சக்தி வேண்டும். என்ஜின் கொடுப்பதில் ஐந்தில் ஒரு பங்கு கன்வர்ட்டரில் தொலைகிறது என்று வைத்தால், 5 மெகாஜூல் ஒயிலுக்குள் போகிறது. பத்து லீற்றர் ஒயிலை ஒரு பாகை சூடாக்க 17 கிலோஜூல் போதும். ஆக, ஆறவைக்கும் கூலர் இல்லையென்றால் கடதாசிக் கணக்கில் ஒயில் 300 பாகைக்குக் கிட்ட ஏறியிருக்கும். உண்மையில் அப்படி ஏறாததற்குக் காரணம் ரேடியேட்டருக்குள் இருக்கும் சின்னக் கூலர். அது பாதி அடைத்துவிட்டால் உங்களுக்குச் சொல்ல வண்டியில் யாரும் இல்லை.

டேஷ்போர்டில் எச்சரிக்கை லைட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் டொயோட்டா வண்டிகள் பலவற்றில் அது எரிவது ஒயில் 150 பாகையை நெருங்கும்போதுதான். கியர் ஒயிலுக்கு 80 முதல் 95 வரை சுகமான இடம். ஏற்றத்தில் கொஞ்ச நேரம் 110 போனால் பயமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு பத்துப் பதினொரு பாகைக்கும் ஒயிலின் ஆயுள் பாதியாகிறது என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. லைட் எரியும் நேரத்தில் ஒயில் கருகி, சீல்கள் இறுகத் தொடங்கியிருக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியைத் தாண்டி வந்த கெப்களில் இருப்பது வயதான கியர் பொக்ஸ்கள். பஞ்சிகாவத்தையில் மாற்றுப் பொக்ஸ் விலை கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனித் தெரிவுகள்.

2005க்குப் பிந்திய ஓட்டோமெட்டிக் கெப் என்றால், என் முதல் சிபாரிசு எதையும் கழற்றாத வழி. கியர் பொக்ஸுக்குள் கம்பனியே வைத்த சென்சர் ஏற்கெனவே இருக்கிறது. கணினி அதைப் படித்துக்கொண்டே இருக்கிறது, உங்களுக்குத்தான் காட்டுவதில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி பிளக்கில் ஒரு புளூடூத் டொங்கிள் செருகி, போனில் டோர்க் ப்ரோ மாதிரி ஒரு செயலி போட்டால் எண் தெரியும். போனை நம்பாதவர்களுக்கு ஸ்கேன்கேஜ் போன்ற தனிப்பெட்டி இருக்கிறது. ஒரு விஷயத்தில் கவனம்: என்ஜின் தண்ணீர்ச் சூட்டைப் போல இது எல்லா வண்டிக்கும் பொதுவான எண் இல்லை. டொயோட்டாவுக்கு ஒரு கோட், நிசானுக்கு வேறு, இசுசுவுக்கு வேறு. செயலியில் உங்கள் மொடலுக்கான கோட் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். மலிவான டொங்கிள்கள் சில அந்தக் கோட்களுக்குப் பதிலே சொல்லாது. கடைக்காரர் கடையிலேயே செருகிக் காட்டட்டும்.

இந்த வழிக்கு இன்னொரு லாபமும் உண்டு. டிப்ஸ்டிக் இல்லாத பொக்ஸ்களில், டொயோட்டாவின் டபிள்யூஎஸ் ஒயில் போடும் பல மொடல்கள் இப்படித்தான், ஒயில் அளவு பார்ப்பதே சுமார் 40 பாகையில் வைத்து, வழியும் துளையைத் திறந்து பார்க்கும் முறையில்தான். சூடு தெரியாமல் அளவு பார்த்தால் அளவு பிழைக்கும். ஒயில் மாற்றும் நாளில் உங்கள் கராஜ் பாஸுக்கும் அந்த எண் வேண்டும்.

ஓபிடியில் எண் கிடைக்காத வண்டிக்கு மின்சார மீட்டர். இதில் எந்தக் கம்பனி என்பதை விட, சென்சர் எங்கே உட்காருகிறது என்பதுதான் பெரிய தெரிவு. கியர் பொக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் லைனில் டீ பொருத்திப் பூட்டினால் கன்வர்ட்டரிலிருந்து வரும் சுடச்சுட ஒயிலைக் காட்டும். ஒவ்வொரு வளைவிலும் முள் துள்ளும், பொக்ஸின் அடியில் உள்ள ஒயில் பேனில் இருப்பதை விடப் பல பாகை கூடத் தெரியும், பழக்கமில்லாதவர் பயந்துபோவார். ஆறித் திரும்பும் லைனில் பூட்டினால் எப்போதும் நல்ல செய்தியே வரும், அதனால் அது வேண்டாம். ஒயில் பேனில் பூட்டுவதே ஓட்டுபவருக்குப் பயனான சராசரியைக் காட்டும், நானும் அதையே சொல்வேன்.

ஆனால் பேனில் எந்தப் பக்கம்? கொழும்பில் பலரும் செய்யும் சுலபமான வழி, அடியில் இருக்கும் டிரேன் நட்டைக் கழற்றி, சென்சர் பொருந்தும் நட்டைப் போடுவது. தார் வீதியில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது சரி. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் நடுவில் மேடு, இரண்டு பக்கமும் டயர் ஓடிய பள்ளம். மழை மண்ணை அரித்ததும் அந்த நடு மேட்டில் கல் தலைதூக்கி நிற்கும். பேனுக்குக் கீழே இரண்டு அங்குலம் தொங்கும் பித்தளைச் சென்சரை அது ஒரு தட்டில் முறித்துவிடும். ஒயில் முழுவதும் பாதையில் போனபின் வண்டியை இழுத்து வரத் தோட்டத்து டிரக்டரைத்தான் கேட்க வேண்டும். எனவே பேனைக் கழற்றி, பின்பக்கச் சுவரில், ஒயில் மட்டத்துக்குக் கீழே வருகிற மாதிரி ஒரு நட்டு வெல்ட் பண்ணச் சொல்லுங்கள். உள்ளே ஃபில்டரில் முட்டுகிறதா என்று பேனைத் தூக்கி வைத்துப் பார்த்த பிறகே துளை போட வேண்டும். பேன் கழன்ற கையோடு ஃபில்டரையும் கேஸ்கட்டையும் மாற்றிவிடலாம்.

மரை விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்க மீட்டர்களின் எட்டில் ஒன்று என்பிடி மரைக்கு அங்குலத்துக்கு 27 புரி. ஜப்பான் மீட்டர்களின் பிடி மரைக்கு 28. கையால் திருகினால் இரண்டு மூன்று சுற்று சமர்த்தாகப் போகும், பிறகு இறுகும். 'பிடித்துவிட்டது' என்று ஸ்பனர் போட்டால் மரை கிழிந்து, சொட்டத் தொடங்கும். நட்டையும் சென்சரையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த சோடியாகவே வாங்குங்கள். ஒற்றை வயர் சென்சர் என்றால் அதன் ஏர்த் மரை வழியாகத்தான் போகிறது; வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் முள் குறைத்துக் காட்டும், சில நேரம் அசையவே அசையாது.

பழைய மெக்கானிக்கல் மீட்டருக்கு வயரிங் வேண்டாம், பெட்டறி வேண்டாம், இருபது வருடம் உழைக்கும். ஆனால் அதன் மெல்லிய செம்புக் குழாயை வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. ஓரிடத்தில் மடங்கினால் மீட்டர் முழுவதும் குப்பை. தோட்டப் பாதையில் ஓயாமல் ஆடும் கெப்புக்கு நான் அதைத் தேர மாட்டேன்.

துப்பாக்கி மாதிரிப் பிடித்துச் சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் கருவி இப்போது பல கராஜ்களில் இருக்கிறது. ஓட்டும்போது அது உதவாது. பளபளக்கும் அலுமினியத்தில் பிடித்தால் குறைத்தும் காட்டும். பேனில் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டி அதில் பிடியுங்கள். மீட்டர் சொல்வது உண்மையா என்று சரிபார்க்க நல்ல சாமான், அவ்வளவுதான்.

காசு மிகவும் இறுக்கம் என்றால், அல்லது ஓட்டுவது சம்பளத்துக்கு வைத்த டிரைவர் என்றால், 120 பாகையில் பஸ்ஸர் அடிக்கும் சுவிட்ச் ஒன்று போதும். பனிமூட்டத்தில் வளைவு எடுப்பவர் முள்ளைப் பார்க்க மாட்டார். சத்தம் காதில் விழும்.

எண் 120ஐத் தொட்டால் என்ன செய்வது என்று டிரைவருக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால் எந்த மீட்டரும் வீண். டியில் விடாமல் இரண்டுக்கோ எல்லுக்கோ இறக்க வேண்டும். என்ஜின் கூடச் சுற்றும், வழுக்கல் குறையும், முள் தானாக இறங்கும். தோட்டத்துச் செங்குத்துப் பாதை என்றால் போர் வீல் லோவைப் போடுங்கள். கன்வர்ட்டரின் பாரம் பாதிக்கு மேல் குறையும். காய்ந்த தார் வளைவில் மட்டும் அதைப் போடாதீர்கள். 130 தாண்டினால் ஓரங்கட்டி, பார்க்கில் போட்டு, என்ஜினை ஓடவிட்டபடியே வையுங்கள். அணைத்தால் ஒயில் பம்பும் நின்றுவிடும், சூடு உள்ளேயே தங்கும்.

இறக்கத்தில் இந்த மீட்டரை நம்ப வேண்டாம். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல வீதியில் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் மோதி ஏழு உயிர் போனது இறக்கப் பாதையில். அங்கே சூடாவது பிரேக், அதற்கு மீட்டர் கிடையாது. குறைந்த கியரில் இறங்கும்போது ஒயில் சில பாகை ஏறினாலும் ஏறட்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடாதீர்கள்.

மேலதிகக் கூலர் போடுவதா என்பது மீட்டருக்குப் பிறகு வரும் கேள்வி. சுமையோடு இரண்டு முறை கினிகத்தேன ஏற்றம் ஏறிப் பாருங்கள். 105க்குள் நின்றால் கூலர் தேவையில்லை. 115க்கு மேல் ஓடினால் ரேடியேட்டருக்கு முன்னால் ஒன்று போடுங்கள், கியர் ஒயிலுக்கென்று வரும் ஹோஸோடு. தண்ணீர் ஹோஸ் சில மாதத்தில் ஊறிப் பிளக்கும்.

டி40 நவாரா, ஆர்51 பாத்ஃபைண்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த வரிசையை மாற்ற வேண்டும். அந்த மொடல்களில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் வெடித்து, தண்ணீர் கியர் ஒயிலோடு கலந்து ரோஸ் நிறப் பாலாகிவிடும் பழுது உலகம் முழுவதும் பிரசித்தம். மீட்டர் அதை முன்கூட்டிச் சொல்லாது. ரேடியேட்டர் கம்பனியிலிருந்து வந்த பழையதே என்றால் முதலில் அதை மாற்றுங்கள், அல்லது ஒயில் லைனை ரேடியேட்டரிலிருந்து கழற்றி வெளிக் கூலருக்கு மட்டும் கொடுங்கள். மீட்டருக்கான காசை அதற்குப் பிறகு எடுங்கள்.