வெக்டர் கணக்கில் மாறிலிகள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஓர் அரேயின் எல்லா உறுப்புகளையும் ஒரே எண்ணால் பெருக்கும் லூப்பை ஜிசிசியும் கிளாங்கும் தாமாகவே வெக்டர் கட்டளைகளாக்கிவிடும். 256 பிட் ஏவிஎக்ஸ் ரிஜிஸ்டர் ஒன்றில் 8 ஃப்ளோட்கள் ஒரே நேரத்தில் பெருக்கப்படும். ஆனால் அந்த எண்ணை எழுதும் விதத்தால் பலன் கூடும், குறையும். அதன் மதிப்பு கம்பைலருக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. கணக்கைச் சுருக்க மொழியின் விதியும் இடம் கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. சி, சி++ மொழிகளில் ஃப்ளோட் கணக்குக்கான எண்ணின் பின்னால் ‘எஃப்’ எழுத்தைச் சேருங்கள். வெறும் 0.1 என்பது டபுள். ஃப்ளோட் அரேயை அதனால் பெருக்கினால், ஒவ்வொரு உறுப்பும் டபுளாக மாறி, பெருக்கப்பட்டு, மீண்டும் ஃப்ளோட்டாகத் திரும்பும். 8 எண்கள் இருந்த இடத்தில் 4தான் கொள்ளும். மாற்றும் வேலை வேறு.

2. மாறிலிகளை அடைப்புக்குறிக்குள் ஒன்றாக வையுங்கள். அ × 2.1 × 3.7 என்றால் இடமிருந்து வலமாக இரண்டு பெருக்கல்கள். மிதவைப் புள்ளிக் கணக்கில் வரிசை மாறினால் கடைசி பிட் மாறலாம் என்பதால் கம்பைலர் அவற்றை இணைக்காது. அ × (2.1 × 3.7) என்றால் ஒரே பெருக்கல்தான் மிஞ்சும்.

3. வகுத்தலைக் கவனியுங்கள். 8.0ஆல் வகுத்தால் கம்பைலரே 0.125ஆல் பெருக்கிக்கொள்ளும், விடை அச்சு அசலாக அதேதான். 3.0க்கு அது பொருந்தாது, மெதுவான வகுத்தலே நிற்கும். கடைசி பிட் வித்தியாசம் பரவாயில்லை என்றால் (1.0 / 3.0)ஆல் பெருக்கும்படி நீங்களே எழுதுங்கள்.

4. முழு எண்ணை வகுக்கும் எண் மாறாதது என்றால் அதை மாறிலியாகவே எழுதுங்கள். எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் இரண்டிலும் முழு எண் வகுத்தலுக்கு வெக்டர் கட்டளை கிடையாது. வகுப்பது 10 என்று தெரிந்தால் கம்பைலர் அதைப் பெருக்கலும் ஷிஃப்ட்டுமாக மாற்றும். கிரான்லண்டும் மாண்ட்கோமரியும் 1994இல் விளக்கிய வழி இது. எதிர்மறை எண் வராது என்றால் ‘அன்சைன்டு’ வகையே நல்லது: 8ஆல் வகுக்க ஒரு ஷிஃப்ட் போதும்.

5. அசெம்பிளியைப் படித்துப் பாருங்கள். கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் இணையதளத்தில் லூப்பை ஒட்டினால், மாறிலி லூப்புக்கு வெளியே ஒருமுறை லோட் ஆகிறதா, டபுள் மாற்றம் நுழைந்திருக்கிறதா என்பது உடனே தெரியும்.

செய்யக்கூடாதவை

1. மாறாத எண்ணை, ‘கான்ஸ்ட்’ இல்லாத குளோபல் மாறியில் வைக்காதீர்கள். வேறு ஃபைல் அதை மாற்றக்கூடும் என்றே கம்பைலர் கருதும்.

2. 0.0ஐக் கூட்டினால் ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். −0.0 உடன் 0.0ஐக் கூட்டினால் +0.0 வரும், அதனால் அந்தக் கூட்டல் நீங்காது. 0.0ஆல் பெருக்குவதும் அப்படியே: உறுப்பு முடிவிலியாகவோ ‘நேன்’ (எண் அல்லாத மதிப்பு) ஆகவோ இருந்தால் விடை பூஜ்யம் அல்ல. 1.0ஆல் பெருக்குவது மட்டும் தாராளமாக நீக்கப்படும்.

3. இந்தத் தடைகளைத் தீர்க்க ‘ஃபாஸ்ட்-மேத்’ ஃபிளாக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். ‘நேன்’ வரவே வராது என்று அது கம்பைலருக்கு வாக்குக் கொடுக்கிறது. நீங்கள் எழுதிய ‘நேன்’ சோதனையே காணாமல் போகலாம். தலைகீழிப் பெருக்கலுக்கும் பூஜ்யத்தின் குறிக்கும் தனித்தனி ஃபிளாக்குகள் உண்டு. தேவையானதை மட்டும் எடுங்கள்.

4. இன்லைன் அசெம்பிளியில் இறங்காதீர்கள். அதற்குள் நடப்பதைக் கம்பைலர் பார்ப்பதில்லை, மாறிலியைச் சுருக்கவும் முடியாது. வெக்டர் கட்டளைகளுக்கான இன்ட்ரின்சிக் ஃபங்ஷன்களின் கூட்டல், பெருக்கலை அது சாதாரணக் கணக்காகவே புரிந்துகொண்டு சுருக்கும்.

5. வேகத்தை அளக்கும்போது உள்ளீட்டையும் மாறிலியாக வைக்காதீர்கள். முழு விடையையும் கம்பைலரே முன்கூட்டிக் கணக்கிட்டு லூப்பையே அழித்துவிடலாம். நீங்கள் அளப்பது வெறும் வெற்று நேரமாகிவிடும். உள்ளீட்டை ஓடும்போது படியுங்கள், விடையை எங்காவது பயன்படுத்துங்கள்.